முதல் பனிச்சறுக்கு விடுமுறை: எதை முதலில் முடிவு செய்வது, எதை அப்புறம் பார்ப்பது

பனிச்சறுக்கு விடுமுறைக்குத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் விமான டிக்கெட்டில் தொடங்குகிறார்கள். அடுத்து அறை, அப்புறம் ஜாக்கெட், கடைசியாகப் பயிற்சி வகுப்பு. மலைக்குப் போன பிறகுதான் வகுப்பில் இடமில்லை, அறையிலிருந்து பயிற்சிச் சரிவுக்கு ஏற்றத்தில் நடக்க வேண்டும், காப்பீட்டில் பனிச்சறுக்கு சேரவில்லை என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

புதியவர்களோடு போகும்போதெல்லாம் இதே தடுமாற்றத்தைப் பார்க்கிறேன். வரிசையை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். குழுவில் இதுவரை ஸ்கீ (பனியில் சறுக்கக் காலில் மாட்டும் நீண்ட பலகை) மாட்டாதவருக்கு முதல் இரண்டு நாள் நன்றாக அமைய வேண்டும். அது அமைந்தால் மீதி வாரத்தை அவரே பார்த்துக்கொள்வார். அமையாவிட்டால், எவ்வளவு அழகான மலையாக இருந்தாலும் அவர் அறைக்குள் உட்கார்ந்துவிடுவார், துணைக்கு இன்னொருவரும் உட்கார வேண்டியிருக்கும். ஆகவே தேதி, இடம், அறை எல்லாவற்றையும் அந்த இரண்டு நாளைச் சுற்றித் தீர்மானியுங்கள். கீழே உள்ளது அந்த வரிசைதான்.

1. வருபவர்களின் பட்டியல்

ஒரு தாளில் ஒவ்வொருவரின் வயது, உயரம், எடை, பாதத்தின் நீளம், முன் அனுபவம் ஆகியவற்றை எழுதுங்கள். பாதத்தை மாலையில், தரையில் ஊன்றி நின்றபடி சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். ஸ்கீ பூட்ஸின் அளவு பாதத்தின் நீளத்தை வைத்தே சொல்லப்படுகிறது. பாதம் 26 செ.மீ. என்றால் பூட்ஸ் அளவும் 26 அல்லது அதையொட்டி. வாடகைக் கடை, பயிற்சிப் பள்ளி, காப்பீடு மூன்றுக்கும் இந்தத் தாள் உதவும்.

முழங்காலில் பழைய காயம், இதயப் பிரச்சினை, கர்ப்பம் போன்றவை இருந்தால் மருத்துவரை இப்போதே பாருங்கள். பணம் கட்டிய பிறகு பார்த்தால், அவர் சொல்லும் பதிலைக் கேட்கும் மனநிலை நமக்கு இருக்காது.

சறுக்க விருப்பமில்லாதவர் ஒருவர் குழுவில் இருப்பது சகஜம். அவரை வற்புறுத்தாதீர்கள். நடைபாதை, ஸ்லெட்ஜ் சரிவு, நீச்சல் குளம், நடந்து வருபவர்களும் ஏறக்கூடிய கோண்டோலா (கம்பியில் தொங்கிப் போகும் மூடிய பெட்டி) உள்ள ஊராகத் தேடினால் போதும். சிறு குழந்தைகளைப் பல பள்ளிகள் மூன்று நான்கு வயதிலிருந்து சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் அந்த வயதில் அரை நாளுக்கு மேல் தாங்காது.

எத்தனை நாள் என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். முதல் நாள் பூட்ஸோடு நடக்கவும் விழுந்து எழவும் போய்விடும். இரண்டாம் நாள் வேகத்தைக் குறைக்க வரும். திரும்புவது கைவருவது பலருக்கு மூன்றாம் நாள்தான். அதனால் மூன்று நாளுக்குக் குறைவாகப் போவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஐந்து அல்லது ஆறு நாள் சரியான அளவு.

2. தேதி

வட அரைக்கோளத்தில் பருவம் பொதுவாக டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சிலி, அர்ஜென்டினா பக்கம் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை.

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலும், பிப்ரவரியில் ஐரோப்பியப் பள்ளி விடுமுறைகளிலும் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். பிரான்ஸில் பள்ளிகளை மூன்று மண்டலங்களாகப் பிரித்து அடுத்தடுத்து விடுமுறை விடுவதால் அங்கே இந்த நெரிசல் நான்கு வாரம் நீடிக்கும். புதியவருக்கு இந்த வாரங்களில் இரட்டை நஷ்டம். வகுப்பில் ஆள் அதிகம், பயிற்சிச் சரிவில் வேகமாக வந்து உரசிப் போகிறவர்களும் அதிகம்.

டிசம்பர் தொடக்கத்தில் விலை குறைவு, பனிக்கு உத்தரவாதம் இல்லை. செயற்கைப் பனி இருக்கிறதே என்பார்கள். அந்த இயந்திரங்கள் நீரைத் துளிகளாகச் சிதறடித்து உறைய வைப்பவை. காற்று போதுமான அளவு குளிர்ந்தும் உலர்ந்தும் இல்லாவிட்டால் அவற்றாலும் பனி செய்ய முடியாது.

மிச்சம் இருப்பவை இரண்டு. ஜனவரி நடுப்பகுதி: பனி நன்றாக இருக்கும், கூட்டம் குறைவு, ஆனால் குளிர் கடுமை, பகலும் சிறியது. மார்ச் முதல் பாதி: பகல் நீளம், வெயில் இதம். குளிருக்குப் பழக்கமில்லாத குழு என்றால் மார்ச்சில், உயரமான இடத்துக்குப் போகச் சொல்வேன். ஒரு விஷயத்தை மட்டும் மனத்தில் வையுங்கள். மார்ச்சில் பகலில் உருகிய பனி இரவில் உறைவதால் காலையில் சரிவு கண்ணாடி போல் கடினமாக இருக்கும். நடுக்காலையில் இளகி இதமாகும். பிற்பகலில் கூழாகிக் காலை இழுக்கும். வகுப்பு நேரத்தைத் தேர்வு செய்ய முடிந்தால் அந்த நடுக்காலையைப் பிடியுங்கள்.

3. மலை

விளம்பரங்கள் மொத்தப் பாதை நீளத்தைத்தான் பெரிதாகப் போடும். பிரான்ஸின் மூன்று பள்ளத்தாக்குகள் பகுதியில் 600 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. முதல் வாரத்தில் இருப்பவர் அதில் மிகச் சிறு பகுதியைத்தான் தொடுவார். அவருக்காக நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு.

முதலில் பயிற்சிப் பகுதி எங்கே இருக்கிறது என்று பாதை வரைபடத்தில் தேடுங்கள். ஊரை ஒட்டி, தட்டையாக, வேகமாக இறங்குபவர்கள் குறுக்கே வராதபடி தனியாக இருப்பது நல்லது. அங்கே ஏற என்ன வசதி என்றும் பாருங்கள். தரையோடு ஓடும் நகரும் பட்டை இருந்தால் பெரிய நிம்மதி. நின்றால் போதும், அது மேலே கொண்டுபோய் விட்டுவிடும். கால்களுக்கு இடையில் தட்டை வைத்து இழுக்கும் லிஃப்ட் மட்டும் இருந்தால், முதல் நாள் விழுவது சரிவில் அல்ல, லிஃப்டில்தான்.

அடுத்த கேள்வி: பயிற்சிப் பகுதிக்கும் கடினமான சிவப்புப் பாதைக்கும் நடுவில் என்ன இருக்கிறது? சில இடங்களில் குழந்தைகள் சரிவு ஒன்று, அப்புறம் நேரே செங்குத்து. மூன்றாம் நாள் புதியவருக்குப் போக இடமே இருக்காது. நீளமான, மென்மையான பாதைகள் சில இருக்க வேண்டும். மேலே போய்விட்டு இறங்கப் பயந்தால் அதே லிஃப்டில் திரும்ப முடியுமா என்றும் கேளுங்கள். கோண்டோலாவில் முடியும். பல செயர்லிஃப்ட்களில் (கம்பியில் தொங்கும் திறந்த இருக்கைகள்) கீழ்நோக்கி ஆள் ஏற்றுவதில்லை.

பாதையின் கடினத்தைக் காட்டும் நிறக் குறியீடு நாட்டுக்கு நாடு மாறும். பிரான்ஸில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் ஏறிக்கொண்டே போகும். ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இத்தாலியில் பொதுவாக நீலத்திலேயே தொடங்கும். வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம். அங்கே சிவப்பு கிடையாது. ஜப்பானில் பச்சை, சிவப்பு, கறுப்பு. தவிர, அந்த நிறம் அந்த மலைக்குள் ஒப்பிட்டுத் தருவது. ஒரு மலையில் நீலம் சுலபமாக வந்தது என்று இன்னொரு மலையின் நீலத்தில் தைரியமாக இறங்காதீர்கள்.

உயரத்தில் இரண்டு எண்களைப் பாருங்கள்: ஊரின் உயரம், உச்சியின் உயரம். பிரான்ஸின் வால் தோரன்ஸ் ஊரே 2,300 மீட்டரில் இருக்கிறது. ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூஹல் 800 மீட்டருக்கும் கீழே. உயரம் கூடினால் பனி நிலைக்கும். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. ஆல்ப்ஸில் ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேல் மரம் குறைந்துவிடும். மேகம் இறங்கும் நாளில் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, மேடு எது பள்ளம் எது என்று தெரியாது. மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் அந்த நாளிலும் கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்கும். உயரமும் வேண்டும், கொஞ்சம் மரமும் வேண்டும். இரண்டும் உள்ள இடம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

2,500 மீட்டருக்கு மேல் தூங்கினால் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். அமெரிக்காவின் பிரெக்கன்ரிட்ஜ் 2,900 மீட்டருக்கு மேலே, காஷ்மீரின் குல்மார்க் சுமார் 2,650 மீட்டரில். இப்படிப்பட்ட இடங்களுக்குப் போனால் முதல் நாளை ஓய்வாக வைத்துக்கொள்ளுங்கள். குல்மார்க்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதன் புகழ் கோண்டோலாவின் மேல் கட்டத்திலிருந்து இறங்கும் செப்பனிடாத ஆழ்பனிக்கானது. புதியவருக்கான இடம் கீழே புல்வெளியை ஒட்டிய மென்சரிவுகள். ஒரே ஊர் என்றாலும் இவை இரண்டும் வேறு வேறு விடுமுறைகள்.

4. பயிற்சி வகுப்பு, அறைக்கு முன்னால்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் இடம் உறுதியான பிறகுதான் அறைக்குப் பணம் கட்ட வேண்டும். அறை பல கிடைக்கும். உங்கள் மொழியில், உங்கள் நிலைக்கு, உங்கள் வாரத்தில் நடக்கும் குழு வகுப்பு ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

ஆல்ப்ஸில் குழு வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிறு அல்லது திங்கள் தொடங்கி ஐந்தாறு நாள் நடக்கும். புதன்கிழமை போய்ச் சேர்ந்தால் அடிப்படை முடிந்த குழுவில்தான் இடம் கிடைக்கும். ஆகவே பள்ளியிடம் கேட்க வேண்டியவை: எந்தக் கிழமை தொடக்கம், எந்த மொழி, குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர், தினம் எத்தனை மணி, கூடும் இடம் எது. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அறையை எங்கே எடுப்பது என்பதை அந்தப் பதில்தான் சொல்லும்.

தனிப் பயிற்சி விலை அதிகம். முதல் நாள் இரண்டு மணி நேரம் தனியாக, அப்புறம் குழுவில் என்று கலந்து எடுப்பது பயந்தவர்களுக்குப் பொருந்தும். கணவரோ தோழியோ கற்றுத்தருகிறேன் என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். நன்றாகச் சறுக்குகிறவர் தனக்குச் சுலபமான சரிவைத் தேர்ந்தெடுப்பார், அது புதியவருக்குச் சுலபமாக இருக்காது. பயிற்றுநர் முதலில் வேகத்தைக் குறைத்து நிற்கக் கற்றுத்தருவார்: ஸ்கீயின் முன் நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, உள்விளிம்பால் பனியை அழுத்துவது. நிற்கத் தெரிந்த பிறகுதான் பயம் குறையும், பயம் குறைந்த பிறகுதான் உடல் கற்கும்.

ஸ்கீயா ஸ்னோபோர்டா (இரண்டு காலும் ஒரே பலகையில்) என்று கேட்பவர்களுக்கு: நாட்கள் குறைவு என்றால் ஸ்கீ. ஸ்னோபோர்டில் முதல் இரண்டு நாள் மணிக்கட்டிலும் இடுப்பெலும்பிலும் மாறி மாறி விழ வேண்டியிருக்கும். அதுதான் வேண்டும் என்றால் மணிக்கட்டுக் காப்பு கட்டாயம்.

5. அறை

பள்ளி கூடும் இடத்திலிருந்து தூரம் பாருங்கள். 400 மீட்டர் என்பது காலணியோடு ஐந்து நிமிடம். கடினமான பூட்ஸ், தோளில் ஸ்கீ, கையில் குழந்தையின் ஸ்கீ, உறைந்த ஏற்றம் என்று ஆனால் அதுவே காலை முழுவதும் போல் தோன்றும். வரைபடத்தில் தூரத்தோடு ஏற்றத்தையும் பாருங்கள். வாசலிலேயே சறுக்கலாம் என்று விளம்பரம் சொன்னால், வாசலுக்கு வரும் பாதையின் நிறம் என்ன என்று கேளுங்கள். அது சிவப்பு என்றால் புதியவருக்கு அந்த வசதி இல்லை.

பூட்ஸ் உலர்த்தும் அறை இருக்கிறதா, ஸ்கீயைப் பூட்டி வைக்க இடம் உண்டா, காலைச் சாப்பாடு வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே தொடங்குமா, கடைசி உள்ளூர்ப் பேருந்து எப்போது, எந்தத் தேதி வரை ரத்து செய்தால் பணம் திரும்பும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஈரமான பூட்ஸை மறுநாள் காலை மாட்டுவதைவிடத் துன்பமான தொடக்கம் வேறு இல்லை.

6. பயணம், விசா

ஆல்ப்ஸில் பல தங்குமிடங்கள் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை என்றே வாடகைக்கு விடுகின்றன. அதனால் அன்று மலைச்சாலைகள் திணறும். வகுப்புக்கு முந்தைய நாள் பிற்பகலுக்குள் ஊருக்குள் இருக்கும்படி திட்டமிடுங்கள். அந்த மாலையில்தான் பூட்ஸ் வாடகைக்கு எடுக்க வேண்டும். வகுப்பு நாள் காலையில் எடுக்கப்போனால் வரிசையில் நின்று அவசரத்தில் தவறான அளவை வாங்கிக்கொண்டு ஓடுவீர்கள்.

கார் ஓட்டிப் போவதானால் அந்நாட்டு டயர் விதியைப் பாருங்கள். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை குளிர்காலச் சாலை நிலையில் குளிர்கால டயர் கட்டாயம். பிரான்ஸில் 2021 முதல் மலைப்பகுதிகள் பலவற்றில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அந்த டயரோ சங்கிலியோ வேண்டும். சுவிட்சர்லாந்தின் செர்மாட் போன்ற ஊர்களுக்குள் கார் போகவே முடியாது. செர்மாட்டுக்குப் பக்கத்து ஊரான டேஷில் நிறுத்திவிட்டு ரயிலில் போக வேண்டும். அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) தேவைப்படுபவர்கள் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சந்திப்பு நேரம் கிடைப்பதே கடினம் என்பதால் தேதி முடிவானதும் தொடங்கிவிடுங்கள்.

மருந்து, கையுறை, காகிள்ஸ் (கண்ணை மூடிக் காக்கும் கண்ணாடி), சறுக்குக் கால்சட்டை ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். பெட்டி ஒரு நாள் தாமதமானாலும் வகுப்பு நிற்காது.

7. காப்பீடு

விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு போதும் என்று பலர் நம்புகிறார்கள். பனிச்சறுக்கு சேர்ந்திருப்பதாக அதில் வெளிப்படையாக எழுதியிருந்தால் ஒழிய அதை நம்பாதீர்கள். பல பயணக் காப்பீடுகளில் குளிர்கால விளையாட்டு தனியாகச் சேர்க்க வேண்டிய பிரிவு.

பத்திரத்தைப் படிக்கும்போது தேட வேண்டியவை: சரிவிலிருந்து கீழே கொண்டுவரும் மீட்புச் செலவு, ஹெலிகாப்டர், நாடு திரும்பும் மருத்துவப் பயணம், நீங்கள் பிறர் மீது மோதினால் தர வேண்டிய இழப்பீடு. மலையில் மீட்பு என்பது மருத்துவமனைச் செலவிலிருந்து வேறானது. மருத்துவம் மட்டும் சேர்ந்த பத்திரம், சரிவிலிருந்து ஆம்புலன்ஸ் வரை வந்த செலவை உங்கள் தலையில் விட்டுவிடலாம். இத்தாலியில் 2022 ஜனவரி 1 முதல் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு இல்லாமல் பாதையில் சறுக்கவே கூடாது.

விலக்குகளையும் படியுங்கள். ஹெல்மெட் போடாமல் இருந்தால், மது குடித்திருந்தால், குறியிட்ட பாதைக்கு வெளியே போனால் பணம் தர மறுக்கும் பத்திரங்கள் உண்டு. பழைய நோய்களை மறைக்காமல் சொல்லுங்கள். வாங்க வேண்டிய நாள், முதல் பணம் கட்டும் அதே நாள். புறப்படும் முன் யாராவது காலை உடைத்துக்கொண்டால் ரத்துச் செலவைத் தருவதும் இதே காப்பீடுதான்.

8. லிஃப்ட் பாஸ்

முழு மலைக்கான பாஸை முதல் நாளே வாங்காதீர்கள். பல இடங்களில் பயிற்சிப் பகுதிக்கென்று மலிவான பாஸ் உண்டு, சில இடங்களில் அங்குள்ள லிஃப்ட் இலவசம். முதல் இரண்டு நாளுக்கு அது போதும். பயிற்றுநர் மேலே போகலாம் என்று சொன்னதும் மாற்றிக்கொள்ளலாம். அனுபவமுள்ளவர்கள் மட்டும் இணையத்தில் முன்கூட்டியே வாங்கினால் லாபம். குழந்தை, முதியவர் சலுகைக்கு வயதுச் சான்று கையில் இருக்கட்டும்.

அட்டையை ஜாக்கெட்டின் இடது பையில் தனியாக வையுங்கள். நுழைவாயிலில் உணரி பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். கைப்பேசியோடு சேர்த்து வைத்தால் படிக்காமல் போகலாம்.

9. உடை

பணத்தைச் சேமிக்க ஒரு இடம் வேண்டும் என்றால் அது இங்கே. ஜாக்கெட்டையும் கால்சட்டையையும் இரவல் வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். மிச்சமாகும் பணத்தை வகுப்பில் போடுங்கள்.

மூன்று அடுக்கு: உடலோடு ஒட்டிய மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, நடுவில் ஃப்ளீஸ், வெளியே நீர் புகாத காற்று புகாத ஜாக்கெட். பருத்தியும் ஜீன்ஸும் வேண்டாம். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், செயர்லிஃப்டில் உட்கார்ந்ததும் அந்த ஈரமே உடல் சூட்டை இழுத்துவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும், காற்று வீசினால் உடலுக்கு அது இன்னும் அதிகமாகத் தெரியும். ஊரில் இதமாக இருக்கிறதே என்று ஒரு அடுக்கைக் கழற்றிவிட்டு மேலே போகாதீர்கள்.

விரல் குளிரும் சுபாவம் உள்ளவர்களுக்கு, நான்கு விரலும் சேர்ந்திருக்கும் உறை நல்லது. கழுத்துக்குத் தொங்கும் மஃப்ளர் வேண்டாம், லிஃப்டில் சிக்கும். குழாய் போன்ற கழுத்துறை வாங்குங்கள். ஹெல்மெட் எல்லோருக்கும் வேண்டும். காகிள்ஸை ஹெல்மெட்டோடு சேர்த்துப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி அணிபவர் அதன் மேலேயே மாட்டக்கூடிய வகையைக் கேளுங்கள். காகிள்ஸின் தகட்டில் எஸ்0 முதல் எஸ்4 வரை குறி இருக்கும். வெயிலுக்கு எஸ்3, மேகமூட்டத்துக்கு எஸ்1. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எஸ்2.

சன்ஸ்கிரீன் எதற்கு, குளிர்தானே என்பார்கள். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் வலுக்கும். புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மூக்கின் கீழ்ப்புறமும் தாடையும் கூடக் கருகும். உதட்டுக்கும் தனியாக ஒன்று வேண்டும்.

10. பூட்ஸும் ஸ்கீயும்

முதல் முறை எல்லாவற்றையும் வாடகைக்கு எடுங்கள். கடையில் நேரத்தைச் செலவிட வேண்டியது பூட்ஸில்தான். ஸ்கீ கொஞ்சம் நீளம் குட்டை என்றால் சமாளிக்கலாம். பூட்ஸ் தவறினால் நாள் முழுவதும் வலி, சறுக்கும் கட்டுப்பாடும் போய்விடும்.

முழங்கால் வரை வரும் மெல்லிய சாக்ஸ் ஒன்று, ஒன்றே ஒன்று. குளிருமே என்று இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து புண்ணாகும், ரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் குளிரும். உள்ளாடையின் கால் நுனியைப் பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள். சாக்ஸ் தவிர வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது.

காலை நுழைத்ததும் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் அமரச் செய்யுங்கள். முதலில் கணுக்காலுக்கு மேலுள்ள கொக்கியை மாட்டுங்கள், அப்புறம் மற்றவை. நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தைத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விரல் சற்றுப் பின்வாங்க வேண்டும், குதிகால் மேலே எழும்பக் கூடாது. தொடுகிறதே, சின்னது போலிருக்கிறது என்று நினைத்துப் பெரிய அளவை வாங்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. இறுக்கமாகத் தெரிவது சரி. கூர்மையாக ஒரு இடத்தில் குத்துவது சரியல்ல. பத்து நிமிடம் போட்டபடி கடையிலேயே நடங்கள். மறுநாள் வலித்தால் வெட்கப்படாமல் போய் மாற்றிக்கொள்ளுங்கள், வாடகைக் கடைகளில் இது வழக்கம்தான்.

புதியவருக்கு ஸ்கீயின் உயரம் தாடை அளவில் இருந்தால் போதும். குட்டையான ஸ்கீயைத் திருப்புவது சுலபம்.

பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங், விழும்போது தானாக விடுபட வேண்டும். எவ்வளவு விசையில் விடுபடும் என்பதை உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிநீளம், சறுக்கும் விதம் ஆகியவற்றை வைத்துக் கடைக்காரர் அமைப்பார். இங்கே எடையைக் குறைத்துச் சொல்வதும், நன்றாகச் சறுக்குவேன் என்று பெருமையாகச் சொல்வதும் ஆபத்து. குறைவான எடைக்கு அமைத்தால் நடுவழியில் கழன்றுவிடும். கடினமாக அமைத்தால் விழும்போது கழலாது, முறுக்கு நேராக முழங்காலுக்குப் போகும். நண்பருடைய ஸ்கீயை இரவல் வாங்கினாலும் இந்த அமைப்பை உங்களுக்காக மாற்றாமல் மாட்டாதீர்கள்.

11. உடல்

ஆறு முதல் எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். வாரம் மூன்று நாள் உட்கார்ந்து எழும் பயிற்சி, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலிபோல் அமர்ந்திருப்பது, ஒற்றைக் காலில் நிற்பது, மாடிப்படி ஏறி இறங்குவது. இறங்குவதை விட்டுவிடாதீர்கள், சரிவில் தொடைக்கு வரும் வேலை அந்த வகைதான். பனிச்சறுக்கில் அதிகம் அடிபடுவது முழங்கால். தொடை களைத்தால் அதைக் காப்பாற்ற ஆளில்லை.

12. முதல் நாள்

வகுப்புக்கு அரை மணி நேரம் முன்பே சரிவின் அடியில் இருங்கள். பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு மாட்டுங்கள், இல்லையென்றால் பைண்டிங் சரியாகப் பூட்டாது. சரிவில் ஸ்கீ மாட்டும்போது இரண்டும் சரிவுக்குக் குறுக்காக இருக்கட்டும், பள்ளத்துப் பக்கத்துக் காலை முதலில் மாட்டுங்கள். அப்போது ஸ்கீ நழுவாது.

விழப்போவது தெரிந்தால் பக்கவாட்டில் உட்காருவது போல் விழுங்கள், கையை முன்னால் ஊன்றாதீர்கள். கையிலுள்ள ஸ்கீக் கம்பைப் பிடித்தபடி விழுந்து கட்டைவிரல் பிசகுவது சகஜம்.

செயர்லிஃப்டில் ஏறும் முன் கம்பின் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றி, இரண்டு கம்பையும் ஒரே கையில் பிடியுங்கள். முதுகுப்பையை முன்னால் மாற்றுங்கள். இறங்கும் இடத்தில் ஸ்கீயின் நுனியைத் தூக்கி, எழுந்து, நேராக விலகிப் போங்கள். அங்கேயே நின்று கையுறையைச் சரிசெய்தால் அடுத்த இருக்கையில் வருபவர் உங்கள் மேல் விழுவார்.

சர்வதேச ஸ்கீ சம்மேளனம் சறுக்குபவர்களுக்கு வகுத்த பத்து விதிகள் உண்டு. முதல் நாளுக்கு மூன்று போதும். முன்னால், கீழே போகிறவருக்கே முன்னுரிமை, பின்னால் வருபவர்தான் விலக வேண்டும். நின்றால் ஓரமாக, மேலிருந்து வருபவர் பார்க்கும் இடத்தில் நில்லுங்கள். மீண்டும் கிளம்பும் முன் மேலே பாருங்கள்.

குழுவாகப் பிரியும்போது சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் பிரியுங்கள். குளிரில் கைப்பேசியின் பேட்டரி வேகமாக இறங்கும், உடலை ஒட்டிய உள்பையில் வையுங்கள். மலை மீட்புக் குழுவின் எண் பாதை வரைபடத்தில் இருக்கும், அதைச் சேமித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் 112-ம் உண்டு. யாராவது அடிபட்டால் அவருக்குச் சற்று மேலே, சரிவில் இரண்டு ஸ்கீயைக் குறுக்காக நட்டு எச்சரிக்கை வையுங்கள், அப்புறம் அழையுங்கள்.

13. பனிச்சரிவு எச்சரிக்கையும் மூடிய பாதையும்

லிஃப்ட் நிலையத்தில் பனிச்சரிவு (மலைப்பனி திரளாகச் சரிந்து விழுவது) அபாயம் 1 முதல் 5 வரை எண்ணாகப் போடப்பட்டிருக்கும். 3 என்பது நடுவில்தானே என்று படிக்கக் கூடாது. அது கணிசமான அபாயம். திறந்திருக்கும் பாதைகளை ஊர்ப் பணியாளர்கள் கவனித்துக்கொள்கிறார்கள், அதற்கு வெளியே அந்தப் பாதுகாப்பு இல்லை. நன்றாகச் சறுக்குபவர் கூப்பிட்டாலும் பாதையின் எல்லைக் கம்பத்தைத் தாண்டிப் போகாதீர்கள். அங்கே போக ஒவ்வொருவரிடமும் பனிச்சரிவு டிரான்ஸீவர் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி), மண்வெட்டி, துழாவுகோல், இவற்றைப் பயன்படுத்திய பயிற்சி, உள்ளூர் வழிகாட்டி எல்லாம் வேண்டும். புதையுண்டவரை முதல் சில நிமிடங்களில் உடன் இருப்பவர்தான் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும், மீட்புக் குழு வரும் வரை காத்திருக்க நேரம் இருக்காது.

மூடிய பாதையில் கயிறு கட்டியிருந்தால் காரணம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் திரும்பிவிடுங்கள். மாலையில் பாதை மூடிய பிறகு, சரிவைச் சமன் செய்யும் வண்டியை இழுகம்பியில் கட்டி ஏற்றுவார்கள். அந்தக் கம்பி இருட்டில் தெரியாது.

14. வாரத்தின் நடுவில்

மூன்றாம் நான்காம் நாளில் கால் கனக்கும். அன்று மதியத்தோடு நிறுத்துவதற்கு முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். இன்னும் ஒரே ஒரு தடவை என்று களைத்த காலோடு, மங்கிய வெளிச்சத்தில், கூழான பனியில் இறங்குவதைத்தான் தவிர்க்க வேண்டும். கடைசிச் சுற்றில் கீழே வரும் பாதைகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். கோண்டோலாவில் திரும்ப முடிந்தால் அதில் ஏறிவிடுங்கள்.

கடைசி லிஃப்ட் நேரம் லிஃப்டுக்கு லிஃப்ட் வேறு. அடுத்த பள்ளத்தாக்குக்குப் போனவர்கள் திரும்ப இரண்டு மூன்று லிஃப்ட் ஏற வேண்டியிருந்தால், அவற்றில் முதலில் மூடுவது எது என்று பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்ப வேண்டும்.

வாடகைப் பொருட்களைக் கடைசி நாள் மாலையே திருப்பிக் கொடுங்கள். புறப்படும் காலையில் கடை திறக்கும் முன்பே உங்கள் பேருந்து போய்விடலாம். முன்பணம் கட்டி வாங்கிய பாஸ் அட்டையையும் அப்போதே கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.